உடும்புப் பிடியா ஒட்டணும், கேட்டா விட்டுடணும்: கழட்டக்கூடிய பசைகள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பசை செய்யற லேப் வேலையில இருக்கேன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு ஒரு டவுட்டு கேப்பாங்க, அதுலயும் "இப்போல்லாம் ஒட்டறதைவிட பிரிக்கறதுக்குத்தான் மண்டையை உடைச்சுக்கறோம்"னு வாய்விட்டுட்டா போதும், அடுத்த ஒரு மணி நேரம் போச்சு. ஒரே கேள்விங்க திரும்பத் திரும்ப வர்றதால எல்லாத்தையும் இங்க தொகுத்துட்டேன். கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன், கிண்டலா கேட்டதையும் விடல. மேலேர்ந்து படிச்சுக்கிட்டு வாங்க, முன்னாடி சொன்னதை பின்னாடி மறுபடி விளக்க மாட்டேன்.

பசைன்னாலே ஒட்டறதுக்குத்தானே, அதைப் பிரியற மாதிரி செய்யறதுக்கு ஒரு ஆராய்ச்சியா?

கேக்க காமெடியாத்தான் இருக்கும். ஒரு போனை எடுத்துக்கோங்க, அதுல முதல்ல வயசாகறது பேட்டரி, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும், சரி பேட்டரியை மட்டும் மாத்தலாம்னு திறந்தா அது பாடியோட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது, நெம்பினா பை மாதிரி இருக்கற லித்தியம் பேட்டரி வளையுது, வளைஞ்சா உள்ள ஷார்ட் ஆகி தீப்பிடிக்கற அபாயம். நல்லா இருக்கற ஒரு போன் குப்பைக்குப் போறதுக்கு அந்த ஒரு பசைதான் காரணம்.

ரீசைக்கிளிங்லயும் இதே கதைதான். கண்ணாடி தனியா கிடைச்சா உருக்கலாம், அலுமினியம் தனியா கிடைச்சா உருக்கலாம், ரெண்டும் பிரிக்க முடியாம ஒட்டிக்கிட்டு இருந்தா ரெண்டையும் ஒழுங்கா உருக்க முடியாது. எடையில பசை 1 சதவீதம்கூட இருக்காது, ஆனா மிச்ச 99 சதவீதம் எங்க போகும்னு அதுதான் முடிவு பண்ணுது.

பசை எப்படித்தான் ஒட்டுது? ஓட்டைக்குள்ள போய் பிடிச்சுக்குமா?

சொரசொரப்பான பரப்புல அதுவும் கொஞ்சம் நடக்கும். ஆனா முக்கியமா ரெண்டு வேலை நடக்கணும். முதல்ல பசை இளக்கமா இருக்கறப்போ பரப்பு முழுக்கப் பரவி நனைக்கணும், அப்போதான் மூலக்கூறுங்க ஒண்ணை ஒண்ணு இழுக்கற அளவுக்கு கிட்ட வரும். டெஃப்லான் மேலயும் எண்ணெய்ப் பிசுக்கு மேலயும் எதுவும் ஒட்டாததுக்கு காரணம் பசை அங்க பரவாம உருண்டு நிக்கறதுதான். அப்புறம் நனைச்ச பசை கெட்டியாகணும். தண்ணிகூட கண்ணாடியை அருமையா நனைக்கும், ஆனா தண்ணி கெட்டியாகாது, அதனால பசை ஆகாது.

இதுலேர்ந்து ஒரு விஷயம் வெளிய வருது. ஒட்டு விடறதுக்கும் ரெண்டு வழிதான் இருக்கு: பரப்பை விட்டு பசை சுத்தமா கழண்டு வரலாம், இல்ல பசையே நடுவுல கிழிஞ்சு ரெண்டு பக்கமும் பாதிப் பாதி நிக்கலாம். கழட்டக்கூடிய பசைன்னு யாராவது சொன்னா இந்த ரெண்டுல எதுன்னு முதல்ல கேளுங்க, பின்னாடி மிச்சப் பசை பத்தி பேசறப்போ இது உதவும்.

ஸ்க்ரூ போட்டா வேலை முடிஞ்சுது, எதுக்கு இவ்ளோ சுத்தி வளைக்கணும்?

போடற இடத்துல ஸ்க்ரூவே போடுங்க, நான் சண்டைக்கு வரல. ஆனா கண்ணாடியில ஓட்டை போட்டா உடையற அபாயம், மெல்லிசு தகட்டுல ஓட்டை போட்டா அந்த ஓட்டையைச் சுத்தியே விரிசல் ஆரம்பிக்கும், கார்பன் ஃபைபர்ல ஓட்டை போட்டா இழையெல்லாம் அறுபடும், தண்ணி புகக்கூடாதுன்னா ஸ்க்ரூவுக்கு மேல ரப்பர் வளையமும் வேணும். பசை பாரத்தை பரப்பு முழுக்கப் பிரிச்சுக் கொடுக்குது, கூடவே சீலும் ஆகுது.

ஸ்டிக்கி நோட் ஒட்டுது, எடுத்தா வருது. நீங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே அது இருக்கே?

அது கொஞ்சமா ஒட்டற பசை, நாம பேசறது பலமா ஒட்டிட்டு அப்புறம் விடற பசை. 3எம் கம்பெனியில ஸ்பென்சர் சில்வர் 1968ல பலமான பசை செய்யப் போய், குட்டிக் குட்டி உருண்டையா இருக்கற ஒரு சோப்ளாங்கி பசை வந்துச்சு. உருண்டையா இருக்கறதால காகிதத்தை அங்கங்க புள்ளி புள்ளியா மட்டும் தொடும், அதனாலதான் கிழியாம வருது. அதை என்ன பண்றதுன்னு தெரியாம பல வருஷம் கிடந்து, ஆர்ட் ஃப்ரை புத்தக அடையாளத்துக்கு அதைப் பயன்படுத்தலாம்னு யோசிச்சு, 1980லதான் பெரிய அளவுல கடைக்கு வந்துச்சு.

இந்தப் பக்கம் ஒரு நல்ல எபாக்ஸியை (ரெண்டு திரவத்தைக் கலந்தா இறுகற பசை) பாருங்க, உலோகத்துக்கு உலோகம் ஒட்டினா 25 மெகாபாஸ்கல் சாதாரணமா தாங்கும். புரியற மாதிரி சொன்னா 1 சதுர செமீ ஒட்டுக்கு சுமார் 250 கிலோ எடை, விரல் நகம் அளவு இடம்தான். அந்தப் பிடியை குறைக்காம, வேணும்கறப்போ மட்டும் விடச் சொல்லணும். அதுதான் சவால்.

சூப்பர் க்ளூவுக்கு அசிட்டோன் இருக்கே, எல்லாத்துக்கும் ஒரு திரவம் கண்டுபிடிச்சா முடிஞ்சுது இல்ல?

சூப்பர் க்ளூ, அதாவது சயனோஅக்ரிலேட், அசிட்டோன்ல இளகறது உண்மைதான். (அதுவும் தற்செயலா வந்ததுதான், 1942ல கோடாக்ல ஹாரி கூவர் டீம் துப்பாக்கிக் குறிபார்க்கற கண்ணாடிக்கு ஒரு பிளாஸ்டிக் தேடறப்போ எல்லாத்துலயும் ஒட்டித் தொலைக்குதுன்னு ஒதுக்கி வச்சாங்க, 1951ல மறுபடி கையில மாட்டி, 1958ல விற்பனைக்கு வந்துச்சு.) கையில பட்ட சொட்டுக்கு அசிட்டோன் சரி, ஏன்னா பசை முழுக்க வெளியில இருக்கு.

ரெண்டு தகட்டுக்கு நடுவுல இருக்கற பசைக்கு திரவம் ஓரத்துலேர்ந்துதான் ஊறி உள்ள போகணும். ஊறல் எப்படின்னா, தூரம் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்காகும், பத்து மடங்கானா நூறு மடங்கு. ஓரத்துல 1 மிமீ ஊற ஒரு மணி நேரம்னு வச்சுக்கோங்க, 10 மிமீ ஊற நாலு நாள் தாண்டிடும். அதுக்குள்ள அசிட்டோன் சுத்தி இருக்கற ஏபிஎஸ், பாலிகார்பனேட் மாதிரி பிளாஸ்டிக்கையெல்லாம் கெடுத்து வச்சிடும். எபாக்ஸி மாதிரி வலைப்பின்னலா இறுகின பசைன்னா கரையவே கரையாது, உப்பும், அவ்ளோதான்.

சூடு பண்ணா எல்லாப் பசையும் இளகிடும்னு போன் ரிப்பேர் பண்றவர் சொன்னாரே, கரெக்டா?

பாதி கரெக்ட். க்ளூ கன்ல போடற குச்சி மாதிரி பசைங்க நீள நீள சங்கிலி மூலக்கூறு, ஒண்ணோட ஒண்ணு கட்டாம சிக்கிக்கிட்டு மட்டும் இருக்கும், சூடாக்கினா வழுக்கி ஓடும், ஆறினா மறுபடி கெட்டி. போன் முதுகுல இருக்கற டேப்பும் சூட்டுல மெத்துனு ஆகிடும், அதான் அவர் சூடு காட்டி நெம்பறார்.

எபாக்ஸி, பாலியூரித்தேன் மாதிரி இறுகற பசையில சங்கிலிங்களுக்கு நடுவுல கெமிக்கல் முடிச்சு போட்டிருக்கும், முழுக்க ஒரே வலை. சூடாக்கினா ஒரு கட்டத்துக்கு மேல ரப்பர் மாதிரி தளரும், பலம் நிறைய குறையும், ஆனா உருகாது, மேல மேல சூடாக்கினா கருகும். போல்ட்டுக்குப் போடற சிவப்பு லாக்கிங் பசையைக் கழட்ட 250 டிகிரி கிட்ட சூடு காட்டணும்னு சொல்றது இதனாலதான். போல்ட் தாங்கும், எலக்ட்ரானிக்ஸ் தாங்குமா?

அப்போ குறிப்பிட்ட சூட்டுல மட்டும் விடற மாதிரி எப்படித்தான் செய்றாங்க?

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, கொஞ்சம் நீளமா சொல்றேன். முதல் வழி, அந்த வலையில இருக்கற முடிச்சையே அவிழற முடிச்சா போடறது. 1928ல ஓட்டோ டீல்ஸும் கர்ட் ஆல்டரும் ஒரு வினையை விவரிச்சாங்க, 1950ல அதுக்கு நோபல் பரிசும் வந்துச்சு. அந்த வகையில ஃப்யூரான், மலெய்மைடுன்னு ஒரு ஜோடி இருக்கு, 60 டிகிரி வாக்குல சேந்துக்கும், 110, 120 டிகிரி போனா பிரிஞ்சிடும், ஆறவிட்டா மறுபடி சேரும். பசையோட வலையில முடிச்சு எல்லாம் இந்த ஜோடியா வச்சிட்டா, 120 டிகிரியில வலையே அவிழ்ந்து கொழகொழன்னு ஆகிடும்.

ரெண்டாவது வழி கெமிஸ்ட்ரியே இல்ல, முரட்டு வழி. உள்ள எளிதா ஆவியாகற ஹைட்ரோகார்பன் அடைச்ச மைக்ரான் அளவு பிளாஸ்டிக் பலூனுங்களைப் பசையில கலந்துடறது. குறிப்பிட்ட சூட்டுல தோல் இளகும், உள்ள இருக்கறது ஆவியாகும், பலூன் பல பத்து மடங்கு ஊதும், ஊதறப்போ பசையை பரப்புலேர்ந்து தள்ளிவிட்டுடும். எலக்ட்ரானிக்ஸ்ல குட்டி செராமிக் கெபாசிட்டருங்களை வெட்டறப்போ பிடிச்சுக்கற டேப் இப்படித்தான் வேலை செய்யுது, வெட்டி முடிச்சு சூடு காட்டினா எல்லாம் தானா உதிரும். எங்க லேப்ல ஒரு புதுப் பையன் இந்த பலூனை எபாக்ஸியில கலந்து ஒரு பெரிய கப்புல வச்சிட்டு சாப்பிடப் போயிட்டான், எபாக்ஸி இறுகறப்போ தானே சூடாகும்கறது மறந்துடுச்சு, திரும்பி வந்து பாத்தா கப்பு நிரம்பி மேசை மேல நுரை மலை. தனியா ஒரு சூடும் காட்டாமலே ட்ரிகர் ஆகிடுச்சு.

மூணாவது, பசையில இரும்பு ஆக்சைடு துகள் கலந்துட்டு வெளியிலேர்ந்து இண்டக்‌ஷன் காயில் காட்டறது. துகள் மட்டும் சூடாகும், அதைச் சுத்தி பசை சூடாகும், பொருள் முழுக்க அடுப்புல போட வேண்டாம். ஆனா ஒட்டின தகடே இரும்பா இருந்தா அதுவும் சேந்து சூடாகிடும், அங்க இந்த வித்தை எடுபடாது.

விட்ரிமர்னு ஒண்ணு கேள்விப்பட்டேன், அதுவும் அவிழற முடிச்சுதானா?

இல்ல, இங்க நிறைய பேர் குழப்பிக்கறாங்க. டீல்ஸ்-ஆல்டர் ஜோடி கையை விட்டுட்டு தனியா நிக்கும். 2011ல பாரிஸ்ல லுட்விக் லெய்ப்லர் குழு காட்டின விட்ரிமர்ல அடுத்தவன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பழைய கையை விடும், அதனால எந்த நேரத்துலயும் முடிச்சு எண்ணிக்கை குறையாது. சூட்டுல கண்ணாடி மாதிரி மெதுவா நகரும், டப்புனு விடாது. சட்டுனு பிரிக்கணும்னா டீல்ஸ்-ஆல்டர் வகை, பிரிச்சதை அழுத்திவச்சு மறுபடி ஒட்டணும், இல்ல விரிசலை சூடு காட்டி மூடணும்னா விட்ரிமர்.

சூட்டுல விடும்னா வெயில்ல நிறுத்தின கார்ல எல்லாம் கழண்டு விழாதா?

நியாயமான பயம். மூடின கார்ல டாஷ்போர்ட் 80 டிகிரி தொடலாம், அதனால ட்ரிகர், அதாவது பசையை விடவைக்கற சூடு, அதுக்கு ரொம்ப மேல இருக்கணும். அதே சமயம் பக்கத்துல இருக்கற பொருள் தாங்கற சூட்டுக்கு கீழயும் இருக்கணும். லித்தியம் பேட்டரி பக்கத்துல 120 டிகிரி காட்டறதே தப்பு, அப்போ போன் பேட்டரிக்கு சூட்டு ட்ரிகருக்கு இடமே கிடையாது. கார் பாடியில வேற சிக்கல், ஒட்டினப்புறம் பெயிண்ட் காய வைக்கற ஓவன்ல 170, 180 டிகிரியில அரை மணி நேரம் கிடக்கும், 150ல விடற பசை போட்டா கார் ஃபேக்டரி வாசலைத் தாண்டாது.

எனக்குத் தெரிஞ்சு மொத்த விஷயத்துக்கும் இதுதான் மையம். பலமும் வேணும், பிரியவும் வேணும்கறதுல முரண்பாடு ஒண்ணும் இல்ல. அந்தப் பொருளோட வாழ்க்கையில ஒருதரம்கூட தானா வராத ஒரு நிலைமையைக் கண்டுபிடிச்சு, அந்த நிலைமையில மட்டும் பசையை பலவீனமாக்கணும். அது சூடா இருக்கலாம், கரண்டா இருக்கலாம், காரமா (காஸ்டிக் சோடா மாதிரி) இருக்கலாம், இழுக்கற திசையாகூட இருக்கலாம்.

9 வோல்ட் பேட்டரியைக் காட்டினா போன் பேட்டரி கழண்டு வருதாமே, ரீல்தானே?

ரீல் இல்ல. 2024ல வந்த ஐபோன் 16ல பேட்டரியை அப்படித்தான் ஒட்டியிருக்காங்க, 9 வோல்ட்டை ஒன்றரை நிமிஷம் வாக்குல கொடுத்தா விட்டுடும், வோல்டேஜ் கூட்டினா இன்னும் சீக்கிரம்.

உள்ள என்ன நடக்குதுன்னா, இந்த வகைப் பசையில உப்பு மாதிரி அயனிங்க கலந்திருக்கும். ரெண்டு பக்கமும் உலோகப் பரப்பு, நடுவுல பசை. டிசி (ஒரே திசையில ஓடற கரண்ட்) கொடுத்ததும் ப்ளஸ் அயனி ஒரு பக்கமும் மைனஸ் அயனி மறுபக்கமும் ஓடி பரப்புல குவியும், அங்க நடக்கற வினையில பசைக்கும் உலோகத்துக்கும் நடுவுல இருந்த பிடி போயிடும். பசையோட நடுப்பகுதிக்கு ஒண்ணும் ஆகாது. அதனால முதல்ல சொன்ன ரெண்டு வழியில இது பரப்பை விட்டு சுத்தமா வர்ற வகை. பெரும்பாலும் ப்ளஸ் மைனஸை மாத்திப் போட்டு எந்தப் பக்கம் விடணும்னுகூட தேர்ந்தெடுக்கலாம்.

போன் உள்ள எப்பவும் கரண்ட் ஓடிக்கிட்டேதான இருக்கு, அதுவே பிரிச்சிடாதா?

கரண்ட் ஓடறது சர்க்யூட்ல, பசைக்கு குறுக்க இல்ல. பசையோட ஒரு பக்க உலோகத்துக்கு தனியா ஒரு முனை வச்சிருப்பாங்க, க்ளிப் மாட்டற வரைக்கும் அந்தச் சுத்து முழுமையடையாது. கூடவே அயனி ஓட நேரம் வேணும், ஒரு நொடிப்பொழுது ஷாக்ல ஒண்ணும் ஆகாது. குளிர்ல அயனி சோம்பேறி ஆகிடும், அதனால ரொம்பக் குளிர்ந்த அறையில வச்சு ட்ரை பண்ணிட்டு வேலை செய்யலன்னு சொல்லாதீங்க.

இதோட எல்லை என்னன்னா ரெண்டு பக்கமும் கரண்ட் கடத்தணும். கண்ணாடி, பிளாஸ்டிக், மரம்னா அதுமேல ஒரு உலோகப் பூச்சு வேணும், அப்போ செலவு ஏறும்.

சுவர்ல ஒட்டற ஹூக், வால் பிடிச்சு இழுத்தா வருதே, அதுல என்ன கெமிக்கல்?

கெமிக்கல் ட்ரிக்கே இல்ல, வெறும் மெக்கானிக்ஸ். 1996லேர்ந்து கமாண்ட்கற பேர்ல வர்ற பட்டைங்க இதுக்கு நல்ல உதாரணம். பாரம் தொங்கறப்போ விசை மொத்தப் பரப்புலயும் பரவும், அதனால தாங்குது. வாலைப் பிடிச்சு சுவரோட ஒட்டினாப்புல நீட்டி இழுக்கறப்போ பட்டை ரப்பர் மாதிரி மெலியுது, மெலியறப்போ ஓரத்துலேர்ந்து கோடு கோடா விட்டுக்கிட்டே வருது, ஒரு நேரத்துல ஒரு மெல்லிய கோட்டுல இருக்கற பிடியை மட்டும் ஜெயிச்சா போதும். சுவரை விட்டு வெளிய இழுக்காதீங்க, பெயிண்டு கையோட வந்துடும், அனுபவம்.

பல்லியும் இதே வேலையைத்தான் பண்ணுது. காலடியில லட்சக்கணக்கான நுண்மயிர், அதுங்களுக்கும் சுவருக்கும் நடுவுல வெறும் வான் டெர் வால்ஸ் இழுப்பு, அதாவது ரொம்பக் கிட்ட வந்த மூலக்கூறுங்க ஒண்ணை ஒண்ணு லேசா இழுக்கறது. 2000ல கெல்லர் ஆட்டம் குழு ஒத்த மயிரோட பிடியையே அளந்து பாத்தாங்க, சுமார் 30 டிகிரிக்கு மேல சாய்ச்சா தானா விட்டுடுது. பல்லி ஓடறப்போ விரலை சுருட்டி சுருட்டி எடுக்கறதை உத்துப் பாருங்க, அது ஒவ்வொரு அடியிலயும் டேப்பை உரிக்குது.

லைட் அடிச்சா விடற பசை?

இருக்கு, சிப் செய்யற ஃபேக்டரியில தினசரி ஓடுது. சிலிக்கான் தட்டை யூவி (புற ஊதா ஒளி) டேப் மேல ஒட்டி, சின்னச் சின்ன சதுரமா வெட்டி, அடியிலேர்ந்து யூவி அடிப்பாங்க. ஒளி பட்டதும் பசை இன்னும் இறுகி, சுருங்கி, கெட்டியாகி பிடியை விட்டுடும். இறுகறதாலயே விடுதுங்கறது நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும், ஆனா டேப்புக்கு பிடி வர்றதே அது மெத்துனு இருக்கறதாலதான். ஒளி உள்ள போகணும்கறதுதான் இதோட பலவீனம், ரெண்டு பக்கமும் உலோகம்னா மறந்துடுங்க.

ரீசைக்கிளிங்னா எல்லாத்தையும் அரைச்சு உருக்கிடறாங்கதானே, பசையும் சேந்து உருகினா என்ன?

அரைச்சா பசை ஒவ்வொரு துண்டுலயும் போய் உக்காந்துக்கும். காகித மில்லுல இதுதான் தலைவலி, ஸ்டிக்கர் பசை கூழுல சின்ன உருண்டையா மிதந்து மெஷின்ல ஒட்டி, காகிதத்துல ஓட்டை விழும். பெட் (PET, தண்ணி பாட்டில் செய்யற பிளாஸ்டிக்) பாட்டில்ல லேபிள் பசை மிச்சம் நின்னா, உருக்கறப்போ பிளாஸ்டிக் மஞ்சளடிக்கும்.

அதனால பாட்டில் லேபிளுக்கு சூடான காஸ்டிக் சோடாத் தண்ணியில விடற பசை வேணும். பெட் கனம், 1.38 அடர்த்தி, தண்ணியில முழுகும், பாலிபுரொப்பிலீன் லேபிள் 0.9 தான், மிதக்கும், பசை விட்டதும் ரெண்டும் தானா மேல கீழ பிரிஞ்சிடும். கண்ணாடி பாட்டில் திரும்ப நிரப்பறவங்க ரொம்ப காலமாவே பால் புரதத்துல செஞ்ச கேசின் பசை போடறாங்க, ஐஸ் தண்ணியில நிக்கும், சூடான காஸ்டிக்ல கழண்டுடும். பாட்டிலைப் பிடிக்கற கைக்கு காஸ்டிக் ஆகாது, அப்போ புழக்கத்துல அந்த நிலைமை வரவே வராது, எவ்ளோ பொருத்தமான ட்ரிகர் பாருங்க.

சோலார் பேனல்தான் சோகம். கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் நடுவுல இருக்கற ஈவிஏங்கற பிளாஸ்டிக், வலையா இறுகினது, உருகாது, கரையாது. 25 வருஷம் வெயில் மழை தாங்கணும்னு டிசைன் பண்ணாங்க, அது தாங்கிடுச்சு, இப்போ பிரிக்க சூடான கத்தியால அறுக்கறாங்க இல்ல எரிக்கறாங்க.

காத்தாலை இறக்கையையும் இப்படிப் பிரிக்கலாமா? அது ரொம்பப் பெருசாச்சே

அங்க பசைங்கறதைவிட கண்ணாடி இழையை கட்டிப் பிடிச்சிருக்கற ரெசின்தான் பிரச்சனை, ஆனா தத்துவம் ஒண்ணுதான். எபாக்ஸி வலையில அமிலம் பட்டா அறுபடற இணைப்பை வச்சிட்டா, பழசான இறக்கையை சூடான மென்மையான அமிலத்துல ஊற வச்சு இழையைத் தனியா எடுக்கலாம். காத்தாலை செய்யற சீமென்ஸ் கமேசா கம்பெனி 2021ல அப்படி ஒரு இறக்கையை அறிவிச்சு, அடுத்த வருஷமே கடல்ல நிறுத்தினாங்க. மழைத் தண்ணி அந்த அளவு அமிலமும் இல்ல, அந்தச் சூடும் இல்ல. ஊறல் கணக்கு மேல அசிட்டோன் கதையில சொன்னதுதான், அதனால இறக்கையை துண்டு போட்டுத்தான் ஊற வைக்கணும்.

இதெல்லாம் புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசறீங்க, பழைய காலத்துல என்ன பண்ணாங்க?

பழைய ஆளுங்க நம்மளவிட தெளிவு. வயலின் செய்றவங்க மாட்டுத் தோல்லேர்ந்து காய்ச்சின பசையைத்தான் நூத்துக்கணக்கான வருஷமா போடறாங்க, சூடும் ஈரமும் காட்டி மெல்லிசு கத்தி விட்டா மேல்பலகை திறந்துக்கும், உள்ள ரிப்பேர் பண்ணிட்டு மறுபடி ஒட்டலாம். மேல்பலகைக்கு மட்டும் வேணும்னே பசையை தண்ணி விட்டு நீர்க்கப் போடுவாங்க. ஏன்னா சீதோஷ்ணம் மாறி மரம் சுருங்கினா பலகை பொளக்கக் கூடாது, ஓரத்து ஒட்டு விடணும். ஒட்டை மறுபடி ஒட்டிடலாம், பொளந்த பலகையை என்ன பண்றது? எது முதல்ல விடணும்னு அவங்க முன்கூட்டியே முடிவு பண்ணியிருக்காங்க, இன்னிக்கு நிறைய எஞ்சினியருங்க அதை யோசிக்கறதே இல்ல.

மியூசியத்துல உடைஞ்ச பானை ஒட்ட பாரலாய்டு பி-72ன்னு ஒரு அக்ரிலிக் போடறாங்க, பல வருஷம் கழிச்சும் அசிட்டோன்ல கரைச்சு எடுத்துடலாம். ஆனா 40 டிகிரி கிட்ட இளக ஆரம்பிக்கும், சூடான ஊர்ல பெரிய பானை தன் எடைக்கே மெதுவா நகரும்.

பிரிஞ்சப்புறம் ஈஷிக்கிட்டு நிக்கற பசையை யார் சுரண்டறது?

இதை முதல்லயே கேக்கணும், கடைசியா கேக்கறாங்க. பசை நடுவுல கிழியற வகைன்னா ரெண்டு பக்கமும் சுரண்டணும், ரிப்பேருக்கு அது பெரிய தொல்லை. பரப்பை விடற வகைன்னா எந்தப் பரப்புலேர்ந்து விடணும்னு யோசிச்சு வைக்கணும், தூக்கிப் போடற பாகத்தோட பசை போகட்டும், திரும்பப் பயன்படுத்தற பாகம் சுத்தமா நிக்கட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கார் முன் கண்ணாடி மாத்தறப்போ பழைய பாலியூரித்தேனை கம்பியால அறுத்துட்டு, ஒண்ணு ரெண்டு மிமீ பழைய பசையை அப்படியே விட்டு அது மேலயே புதுசு போடுவாங்க. வெறும் உலோகத்தைவிட பழைய பசை மேல புதுப் பசை நல்லாப் பிடிக்கும். அங்க சுரண்டிச் சுத்தம் பண்ணா பெயிண்டு போய் துருதான் வரும்.

2027லேர்ந்து பேட்டரி கழட்டற மாதிரி இருக்கணும்னு சட்டமாமே, அப்போ சூட்டுல விடற பசை போதும் இல்ல?

ஐரோப்பிய யூனியனோட 2023 பேட்டரி சட்டத்தைத்தான் சொல்றீங்க. 2027 பிப்ரவரி 18லேர்ந்து பெரும்பாலான கையடக்கப் பொருள்ல பயன்படுத்தறவரே பேட்டரியை எடுத்து மாத்தற மாதிரி இருக்கணும், சில விலக்குங்களும் உண்டு. கவனிக்க வேண்டியது, கழட்ட சூடோ கரைப்பானோ தேவைப்படக் கூடாதுன்னும் அதுல இருக்கு. அதனால நீங்க சொல்ற வழி அங்க அடைபட்டுடுச்சு. இழுத்தா விடற பட்டை, கரண்ட்ல விடற பசை, இல்ல பசையே வேண்டாம்னு க்ளிப், இந்த மூணு பக்கமும்தான் எல்லாரும் ஓடறாங்க.

15 வருஷம் கழிச்சு அந்த ட்ரிகர் வேலை செய்யும்னு என்ன கேரண்டி?

ரொம்ப நல்ல கேள்வி, எங்களுக்கே வயித்தக் கலக்கறது இதுதான். ஒட்டு பலம் பழசானா எப்படி மாறும்னு சோதிக்க வழக்கமா 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதத்துல ஆயிரம் மணி நேரம் வச்சுப் பாப்பாங்க. அதுக்கப்புறம் ஒட்டு நிக்குதான்னு பாத்துட்டு பாஸ் போட்டுடுவாங்க, விடுதான்னு யாரும் பாக்கறதில்ல. ஆனா பலூன்ல இருக்கற வாயு கசியலாம், ஈரத்துல அயனி வெளியேறலாம், இழுக்கற பட்டை முறுகி வால் பாதியிலயே அறுந்து போகலாம், அது தினமும் நடக்கறதுதான்.

இன்னொரு விஷயம் கெமிஸ்ட்ரியே இல்ல. பிரிக்கறவருக்கு எந்த ட்ரிகர்னு தெரியணும். மேல பாத்தா எல்லாம் ஒரே மாதிரி கோடுதான் தெரியும், 9 வோல்ட்டா 120 டிகிரியான்னு எங்கயும் எழுதியிருக்காது, அவர் ஸ்க்ரூடிரைவரால நெம்பிடுவார்.

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுத்திருக்கேன், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

கெமிக்கல் பேர்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, ஒரு பொருள்லேர்ந்து ஆரம்பிங்க. அது வாழ்நாள்ல பாக்கற அதிகபட்ச சூடு, ஈரம், வோல்டேஜ், எந்தத் திசையில பாரம், இதையெல்லாம் எழுதிட்டு அதுல இல்லாத நிலைமை எதுன்னு பாருங்க. அப்புறம் 25 மிமீ அகலத் தகடு ரெண்டை 12.5 மிமீ மேல மேல வச்சு ஒட்டி இழுத்துப் பாருங்க, ட்ரிகருக்கு முன்னாடி ஒரு நம்பர், பின்னாடி ஒரு நம்பர். பலம் 20லேர்ந்து 10 ஆகிடுச்சு, பாதியாச்சுன்னு குதிச்சுக்கிட்டு வருவாங்க. அந்த சின்ன ஒட்டுக்கே 10 மெகாபாஸ்கல்னா 300 கிலோவுக்கு மேல வருது, கையால யாரு பிரிக்கப் போறா? 1க்கு கீழ இறங்கினப்புறம் வாங்க, பேசலாம். வர்றப்போ பழசாக்கின சாம்பிளையும் எடுத்துட்டு வாங்க.